மஞ்சள் கட்டம்

கல்யாணத்தன்று காலையிலேயே மணப்பெண்ணின் முகத்தை கேமராவில் பதிந்துகொள்வது லோகுவின் வழக்கம். அப்புறம் எவ்வளவு கூட்டம் என்றாலும் திரையில் அவள் முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழும். ஃபோகஸ் அவளை விட்டு நகராது.

அன்று மாலை மாடம்பாக்கம் மண்டபத்து ரிசப்ஷனில், மேடையில் நின்ற மணப்பெண் ஜெயப்ரியாவின் மேல் கட்டம் விழவில்லை. மேக்கப்தான் காரணமோ என்று கிட்டே போய் மறுபடி பதிந்தான். அப்போதும் விழவில்லை.

குழம்பிப்போய், வீடியோவுக்காக கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். கட்டம் நேராகப் பின்பக்கத்துப் பந்திக்குப் போய், கடைசி நாற்காலியில் நின்றது. நாற்காலி காலியாக இருந்தது. எதிரே இலையில் பாதிச் சோறு இருந்தது. பரிமாறுகிறவர் அங்கே குனிந்து, "ரசம் போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

லோகு மேடைக்கு வந்தான். "கேமரா மக்கர் பண்ணுதும்மா. இன்னான்னே தெர்ல. உன்ன வுட்டுட்டு பந்தியில கடைசி சீட்டப் பாத்துகினு கீது."

ஜெயப்ரியா சிரிப்பு மாறாமல், வாழ்த்த வந்தவர்களுக்குக் கைகூப்பினாள்.

"காலைலேர்ந்து அவ ஒண்ணுமே சாப்டல அண்ணா. சாப்ட்டு வந்துடட்டும்."

லோகு கேமராவைப் பின்னால் திருப்பினான். இலை மடிந்திருந்தது. மஞ்சள் கட்டம் கை கழுவும் இடத்தில் சற்று நின்றுவிட்டு, மேடையை நோக்கி வரத் தொடங்கியது.

அவன் திரும்பிப் பார்த்தபோது, மேடையில் நின்றவள் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.