அறுபத்திரண்டு துண்டு

“கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க!” மேஜையைத் தட்டினார் மேனேஜர்.

ஆபீஸ் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. பதினெட்டு வருஷ வேலை. டிஸ்மிஸ் ஆர்டர் டைப் அடித்து ரெடியாக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

“ஆபீஸ் மெயில்ல பத்து எம்.பி.க்கு மேல போகாதுன்னு நான் பூட்டு போட்டா, நீங்க பெரிய ஃபைலை அறுபத்திரண்டு துண்டா நறுக்கி வெளியே அனுப்புறீங்க! எந்தக் கம்பெனிக்கு?”

“என் தங்கச்சிக்கு சார்...”

“ஓஹோ, குடும்பமே கூட்டா?”

“உள்ள என்ன இருக்குன்னு உங்ககிட்ட தனியா சொல்லிடறேன் சார்.”

“தனியா கினியா எல்லாம் கிடையாது. எல்லார் முன்னாலயும் திறக்கணும்!”

கம்ப்யூட்டர்காரர் வந்தார். “ஒரு துண்டை மட்டும் திறந்தா ஒண்ணும் தெரியாது சார். எல்லாத்தையும் வரிசையா ஒட்டணும். அதுக்குன்னு ஒரு புரோகிராம் எழுதணும்.”

“எழுத எத்தனை நாள் ஆகும்?”

“எழுதியாச்சு சார். அக்காவுக்கு நறுக்குறதுக்கு எழுதிக் குடுத்ததே நான்தான். ஒட்டுறதும் அதுலயே இருக்கு.”

மேனேஜர் முறைத்த முறைப்பில் மனுஷன் அவசர அவசரமாகத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆபீஸே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

அறுபத்திரண்டும் ஒட்டி, வீடியோ ஓடியது. திரையில் சாட்சாத் மேனேஜரே! போன மாதம் ஆன்லைன் மீட்டிங்கில் அலுவலக ஒழுக்கம் பற்றி அவர் ஒன்றரை மணி நேரம் பொழிந்து தள்ளிய பேச்சு.

மேனேஜருக்கு முகமெல்லாம் பல். “அடடே, என் பேச்சை உங்க தங்கச்சியும் கேக்குறாங்களா?”

“தங்கச்சி இல்ல சார், அவ குழந்தை.” அக்கா தலை குனிந்தாள். “ரெண்டு மாசக் கைக்குழந்தை. ராப்பகலா ஒரே அழுகை. தங்கச்சி தூங்கியே பத்து நாளாச்சு, பாவமா இருக்கு சார். அன்னிக்கு அவ வீட்டுல இருந்துதான் உங்க பேச்சை ஃபோன்ல கேட்டேன். அஞ்சே நிமிஷம்... குழந்தை அசந்து தூங்கிடுச்சு. அதான் தனியா சொல்றேன்னேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் திரும்பியதும் அத்தனை பேரும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

மேனேஜர் திரையை அணைத்தார். பிறகு ஆர்டரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஒன்றரை மணி நேரத் தூக்கம் உங்க தங்கச்சிக்கு எப்படிம்மா பத்தும்? போன வருஷம் நான் மூணு மணி நேரம் பேசினது இருக்கு, அதையும் நறுக்கி அனுப்புங்க.”