கற்பனை என்று ஒரு வசனம்

"ஒரு வசனம் சொன்னாக் காணும். உந்தக் கிணத்துக் கதை முழுக்கக் கற்பனை எண்டு கமெராவைப் பாத்துச் சொல்லு. நான் எழும்பிப் போறன்."

நமசிவாயம் கதிரையில் சாயாமல் நிமிர்ந்து இருந்தார். எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையவில்லை. எதிரே, கண்ணாடியின் முன் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி பேராசிரியர் குகதாசன். வெளிநாடுகளிலும் பெயர்பெற்ற விஞ்ஞானி. ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பியபின், உள்ளூர்த் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விஞ்ஞானக் கற்பனைக் கதையை நேரலையில் அறிமுகம் செய்து வந்தார். வாரம் ஒரு கதை.

"அண்ணை, இதுவரைக்கும் பதினொரு கதை போட்டாச்சு. முதல் கதையில சந்திரனில கோயில் கட்டித் தேர் இழுத்தவங்கள். அதுக்கு ஒருத்தரும் வந்து கேக்கேல்லை."

"சந்திரனில எங்களுக்குக் காணியில்லை."

பேராசிரியரின் சட்டையில் ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டிருந்த தயாரிப்பாளர் டினேஸ் சிரிப்பை அடக்கினார்.

"நீர் சிரியும்," என்றார் நமசிவாயம். "போன வெள்ளி நீங்கள் போட்ட கதையில புத்தூர்க் கிணறெல்லாம் உப்பாப் போச்சு. வெங்காயத் தோட்டம் முழுக்க உப்புப் பூத்துக் கிடக்குது. சனம் ஊரை விட்டுப் போகுது. எத்தினையாம் ஆண்டு எண்டு போட்டனீர்?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தொண்டு, ஐயா."

"அப்ப நான் இருக்கமாட்டன். ஆனால் என்ரை மகள் தயாளினிக்குச் சீதனம் அந்தப் புத்தூர்த் தோட்டக்காணிதான். திங்கட்கிழமை காணி உறுதி எழுதி முடிக்கிறதெண்டு நாள் வைச்சாச்சு. நேற்று வட்டுக்கோட்டையில இருந்து மாப்பிள்ளையின்ரை தேப்பன் வந்தார். தேத்தண்ணியையும் தொடேல்லை. உப்புக் காணி தங்களுக்கு வேண்டாமாம்."

"அது கதை எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றார் பேராசிரியர்.

"சொன்னன். 'சொன்னது ஆர்? உங்கடை தம்பி. அவர் சும்மா சொல்லுவாரோ?' எண்டு திருப்பிக் கேக்கிறார். உன்னைப் படிப்பிக்க எங்கடை அப்பு பாடுபட்ட காணி, உன்ரை பேராலேயே கெட்டுப்போச்சு. ஒப்புக்கொண்ட சீதனத்தைத் தட்டிவிட்டு ஒருத்தரும் இதுவரைக்கும் எங்கடை வாசல் படலையைத் தாண்டிப் போனதில்லை."

பேராசிரியர் பவுடரை மூடி வைத்தார்.

"தயாளினி என்ன சொல்லுறாள்?"

"என்னத்தைச் சொல்லுறது? தான் விரும்பின பெடியன். ரெண்டு நேரமாச் சாப்பிடேல்லை."

"சீதனத்துக்கு வேறை காணி..."

"வேறை என்ன கிடக்கு? நீ படிச்சு முடிய முன்னமே மிச்சம் எல்லாம் வித்தாச்சு."

"ஐயா, வேணுமெண்டால் கற்பனைக் கதை எண்டு கீழ எழுத்தில போட்டுவிடலாம்," என்றார் டினேஸ்.

"எழுத்து ஆருக்கு வேணும்? இவன்ரை வாயால வரவேணும். அந்தாள் ரீவிக்கு முன்னால குந்திக்கொண்டு இருக்கிறார்."

பேராசிரியர் சட்டையில் இருந்த ஒலிவாங்கியை நேராக்கினார். பிறகு எழுந்தார்.

"சரி அண்ணை. சொல்லுறன்."

நேரலைக்கான விளக்குகள் எரிந்தன. பேராசிரியர் கமெராவைப் பார்த்தார்.

"சென்ற வாரம் நீங்கள் பார்த்த புத்தூர்க் கிணறுகளின் கதை முற்றிலும் கற்பனை. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதை ஒரு விஞ்ஞானியாகச் சொல்கிறேன்."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அன்றைய புதிய கதை ஓடத் தொடங்கியது. நமசிவாயத்தின் கைத்தொலைபேசி ஒலித்தது. அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"ஓம்... ஓம். திங்கட்கிழமை வாங்கோ."

அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டார். தம்பிக்கு ஒருமுறை தலையை அசைத்துவிட்டு வெளியே நடந்தார்.

"சேர், மற்றக் கதையளுக்கு எழுதின ஆக்களின்ரை பேர் போட்டனாங்கள்," என்றார் டினேஸ். "அந்தக் கதைக்கு மட்டும் நீங்கள் பேர் தரேல்லை. இப்பிடிச் சொன்னதுக்கு எழுதினவர் கோவிக்கமாட்டாரோ?"

பேராசிரியர் ஒலிவாங்கியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

"எழுதினது நான்தான். ஏழு வருசமா அந்தக் கிணறுகளின்ரை தண்ணியை அளந்து எழுதின ஆய்வறிக்கை அது. எந்த அரசாங்கக் கந்தோரிலையும் ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கேல்லை. பிறகுதான் நாலு பாத்திரங்களைச் சேர்த்துக் கதையாக்கி உங்களிட்டைத் தந்தனான். நான் சொன்ன கற்பனை எண்டால், டினேஸ், இப்ப கமெராவைப் பாத்துச் சொன்னதுதான்."