சுவருக்கு அந்தப் பக்கம் ஊளை

அரியலூரில் மாலை வெயில் சாய்கிறது. சண்டை தொடங்கி நாலாவது வருஷம். அருளப்பர் வாத்தியார் தானே செய்த பாட்டரி ரேடியோவின் முன்னால் குனிந்திருக்கிறார். ஜப்பான்காரன் ரேடியோ நிலையத்தில், பிடிபட்ட சிப்பாய்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அதைக் கேட்டால் ஜெயில் என்பது ஊர்ப் பேச்சு. மனைவி சூசையம்மாள் பட்டாளத்துக்குப் போன தன் தம்பியின் பெயருக்காகக் காத்து நிற்கிறாள். வேறொரு நிலையத்தின் பாட்டு மேலே விழுந்து பெயர்களை மூடுகிறது. வாத்தியார் குமிழை முன்னால் திருகுகிறார், பெயர்கள் தெளிகின்றன. அதே நொடியில் பக்கத்தில், சப்-இன்ஸ்பெக்டர் வீட்டு ரேடியோ ஊளையிடுகிறது. பின்னால் திருப்புகிறார், ஊளை நிற்கிறது, பெயர்களும் மங்குகின்றன.

“ஏங்க, நாம திருகுனா அங்க ஏன் கத்துது?”

“நம்ம பெட்டி கேக்குறதோட நிக்காது சூசை. கொஞ்சம் அலைய வெளியவும் விட்டுடும். அணைச்சுடட்டுமா?”

“வேணாங்க. இப்பத்தான் தம்பியோட ரெஜிமெண்டு பேரைப் படிச்சான்.”

மயிரிழை அளவு திருகுகிறார். மறுபடி ஊளை. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்குகிறது. துடைக்கப் போன கை பாதியில் நிற்கிறது.

“சூசை, இன்ஸ்பெக்டரு வேற ஸ்டேஷன் வச்சிருந்தா நம்ம அலை அங்க கத்தவே கத்தாது.”

“அப்ப அவரும் இதத்தான் கேக்குறாரா?”

“ஆமா.”

“நம்மளப் புடிக்கவா, தனக்காகவா?”

இருவரும் சுவரையே பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்து ரேடியோவின் சத்தம் மெல்லத் தணிந்து கிசுகிசுப்பாகிறது. பிறகு அங்கே யாரோ ஜன்னல் கதவை ஓசைப்படாமல் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார்கள்.