கிளிப் மாட்டிய விரல்

நல்லுசாமியின் ஆக்சிஜன் முகமூடிக்குள் ஆவி படிவது நின்றுபோயிருந்தது. மருமகள் தீபா துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அவர் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து வயர் போன மெசினில், துடிப்பின் எண் ஓடிய இடத்தில் வெறும் கோடுதான் தெரிந்தது.

அவள் புருஷன் விக்னேஷ்குமார் தங்கையின் கல்யாண மண்டபத்தில் நின்றிருந்தான். அப்பா போய்விட்டார் என்று போனில் சொன்னதற்கு அவன் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

"தாலி ஏற இன்னும் செத்த நேரந்தான் இருக்கு. வாயத் தொறந்து அழுத, தொலச்சுப்புடுவேன். அந்தக் கிளிப்ப ஒன் வெரல்ல மாட்டு."

மகராசன், பெற்ற தகப்பனுக்கு அழக்கூட நேரம் குறித்துக் கொடுக்கிறான்.

ஆனாலும் அவன் பயத்தில் நியாயம் இருந்தது. தங்கை பவித்ராவுக்கு முதலில் பேசிய சம்பந்தம் அம்மாவின் சாவால் தள்ளிப்போய், வருசம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு முப்பத்தாறு. இதுவும் நின்றால் இன்னொருத்தன் எங்கிருந்து வருவான்?

பவித்ராவும் லேசுப்பட்டவள் இல்லை. திண்டுக்கல்லில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். டாக்டர்கள் கைவிரித்த பிறகு அப்பாவை அய்யலூர் வீட்டுக்குக் கொண்டுவந்து, இந்த மெசினை மாட்டியவளே அவள்தான்.

அப்பாவின் துடிப்பு ஒருநாளும் சீராக இருந்ததில்லை. நாலு துடிக்கும், ஒன்று விட்டுப்போகும், இரண்டு முட்டிக்கொண்டு ஓடிவரும். "எங்கப்பா நெஞ்சு நம்மூருச் சந்தை ஆடு அண்ணி, வரிசையில நிக்காது" என்று மெசினைப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்பா உயிரோடு இருப்பதைப் பார்க்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போயிருந்தாள்.

தீபா கிளிப்பைக் கழற்றினாள். மாமனாரின் விரல் சில்லிட்டிருந்தது. தன் இடது விரலில் மாட்டிக்கொண்டு, கையைப் போர்வைக்குள் அவர் கைக்குப் பக்கத்தில் விட்டாள்.

போனில் பவித்ராவின் முகம் வந்தது. கழுத்து நிறைய மாலை.

"மெசினக் காட்டுங்க அண்ணி."

காட்டினாள். அலைகள் ஒன்றுகூடப் பிசகாமல் வரிசையாக ஓடின. நூற்றுப் பதினெட்டு.

பவித்ரா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐயர் அவசரப்படுத்தினார். பின்னால் விக்னேஷ்குமார் எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார்.

"அண்ணி, மூச்ச மெதுவா இழுத்து விடுங்க. படபடப்பு கொறையும்."

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தீபா மூச்சை இழுத்து விட்டாள். மெசினில் எண் மெல்ல இறங்கியது.