மூணு பெடல் வெச்ச கேமு

"பஸ் ஓட்டுற கேம்தானேண்ணே, போன்லயே ஆடலாமே? ஓசியில கெடைக்குது"ன்னேன்.

"போன்னா விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். ஆகாது"ன்னாரு டிரைவர் அண்ணன். அவர் பஸ்ஸுலதான் நான் கண்டக்டர்.

"அப்ப டிவியில மாட்டுற பெட்டி?"

"கடையில காட்டுனான். பொத்தானை அமுக்கச் சொல்றான். எனக்குக் கம்ப்யூட்டர்தான். ஸ்டியரிங், கியரு, கிளட்ச்சோட மூணு பெடல், எல்லாம் மாட்டித் தர்றான்."

"பகல் பூரா பஸ்ஸு, வீட்டுக்குப் போயும் பஸ்ஸா! சலூன்காரர் லீவு போட்டுட்டு ஊரான் தலையைச் செரைச்ச மாதிரி இருக்கு!"

டெப்போவே சிரிச்சுது. மெக்கானிக் மட்டும் சிரிக்கல. அண்ணனைப் பார்த்துக் கேட்டாரு.

"மனசாட்சி இருக்காடா உனக்கு? உன் பொண்டாட்டி ஸ்கூல் வேன் ஓட்டுனவ. பிள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா மரத்துல மோதுன நாள்லேருந்து ஸ்டியரிங்கைப் பார்த்தாலே நடுங்குறா. இந்த மாசம் வண்டி ஓட்டத் திரும்பலேன்னா வேலையும் போச்சு. அவ கண்ணு முன்னாடியே அதைக் கொண்டுபோய் வெக்கிறியே!"

அண்ணன் அன்னைக்குச் சாயங்காலமே போய் அதை வாங்கிட்டாரு.

ஒரு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஹால்ல பஸ் ஓடுது. ஓடுதுன்னா... செவுத்துல ஒரு இடி. கம்பத்துல ஒரு இடி. அப்புறம் நேரா ஆத்துக்குள்ள.

நெசத்துல வண்டியில ஒரு கீறல் விழாம ஓட்டுற மனுசன்!

"அண்ணே, நான் டிக்கெட் கிழிக்கவா, நீச்சல் சொல்லித் தரவா?"

அடுப்படியிலேருந்து அண்ணி சத்தம் போட்டாங்க. "வளைவுக்கு முன்னாடியே கியரைக் கொறைங்க!"

"கொறைச்சேன்டி."

மறுபடியும் ஆறு.

"எங்க கொறைச்சீங்க? கிளட்ச்சுலயே காலை ஊனியிருக்கீங்க! சத்தத்துலயே தெரியுது."

"எனக்கு இப்படித்தான் வரும்."

டமார்!

கரண்டியோட வந்து நின்னாங்க அண்ணி. இன்னொரு கம்பம் விழுந்துச்சு. பல்லைக் கடிச்சாங்க.

"எந்திரிங்க. கண்கொண்டு பார்க்க முடியல!"

உக்காந்தாங்க. ஸ்டியரிங் கிட்டப் போன கை ஒருதரம் பின்வாங்குச்சு. ஆனா பிடிச்சாங்க. கியர் கொறைஞ்சுது. பஸ் வளைவுல திரும்பி, பாலத்து மேல நூல் பிடிச்ச மாதிரி போச்சு.

அண்ணன் என்னை வாசலுக்கு இழுத்துட்டு வந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"பொத்தானா இருந்தா வந்து உக்காந்திருப்பாளாடா? ஒரு வாரமா வேணும்னே இடிக்கிறேன். கைப்பழக்கத்துல எங்க ஒழுங்கா ஓட்டித் தொலைச்சிடுவேனோன்னு உசுரே போயிடுச்சு!"