வேலியில் விரித்த துணிகள்

2019 ஜனவரி, ஆஸ்திரேலியாவின் கட்டூம்பா. வெயில் முப்பத்தாறு டிகிரி.

மெரில் எண்ணெய் வண்ணத்தில் அருவி வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். கருமேகமும் பாறையில் மோதிச் சிதறும் வெள்ளமுமாக, பழைய ஐரோப்பியப் பாணி. தூரிகை துடைத்த துணிகளை வேலியில் விரித்திருந்தாள்.

கணவன் கிளென் படத்தை உதைத்துக் கிழித்தான்.

"பெரிய ஓவியக்காரி! வேலி பூரா கந்தல். பக்கத்து வீட்டான் சிரிக்கிறான்டி!"

துணிகளை வாரிச் சுருட்டி, தான் பீர் குடிக்கும் மரக் கொட்டகைக்குள் எறிந்தான்.

"கிளென், அதைச் சுருட்டாத..."

கன்னத்தில் விழுந்த அறையில் அவள் உதடு கிழிந்தது.

"இன்னொரு வார்த்தை பேசின, கொன்னுடுவேன்!"

மெரில் பேசவில்லை. அவன் குடித்துவிட்டு அங்கேயே தூங்கினான். சாயங்காலம் கொட்டகை எரிந்தது.

"வண்ண எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டா தானாவே தீப்பிடிக்குமே, தெரியாதாம்மா?" என்றார் தீயணைப்பு அதிகாரி.

"தெரியும். முதல் ஓவிய வகுப்புலயே சொல்லிக் கொடுத்தாங்க."

கிளெனின் சாவு விபத்து என்று பதிவானது.