பாரமில்லாத சைக்கிள்

மாடக்கண்ணு தார்ப்பாயையும் போர்வையையும் கேரியரில் கட்டி, சோற்றுவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி மிதித்தார். நாலடி போவதற்குள் முன்சக்கரம் தள்ளாடி, வண்டி வேலியில் போய்ச் சாய்ந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து உப்பு மூட்டை ஏற்றாமல் அவர் சைக்கிள் மிதித்ததில்லை. பாரத்தோடு மல்லுக்கட்டியே பழகிய கைக்கு வெறும் வண்டியை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை.

"என்னய்யா, காலையிலேயே ஊத்திக்கிட்டீரா?" என்று வாசலில் நின்று சிரித்தாள் அவர் மனைவி பேச்சித்தாய்.

"சிரிக்காத, ஏட்டி. பொறந்ததுலேருந்து நாலு பேரு காலுக்கு நடுவுலயே படுத்தாச்சு. ஒரு ராத்திரி அணைக்கரையில தனியாப் படுத்துட்டு வரலாம்னா, இந்தச் சனியன் விடமாட்டேங்கு."

"நான் வேணா பின்னால உக்காரட்டா?"

உட்கார்ந்தாள். சைக்கிள் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. தெருமுக்கு வரை போய்த் திரும்பி வந்தார்கள். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அவளை இறங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவளே இறங்கினாள். உள்ளே போய் அம்மிக்கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, கேரியரில் வைத்துக் கயிற்றை இழுத்து இறுக்கினாள்.

"இது பேசாது, குறட்டை விடாது. தனியாப் போன மாதிரிதான்."

அவர் ஏறி மிதித்தார். வண்டி ஆடவில்லை. தெருமுக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நாளைக்கு மத்தியானம் மீன்குழம்புய்யா! அரைக்கக் கல்லு வேணும்!"